பூட்டுக்கண்ணி

1943ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 14ஆம் திகதி, செவ்வாய்க்கிழமை. அதிகாலை தொடக்கம் வாடைக்காற்றுடன் கூடிய தூறல். முற்பகல் பதினொரு மணிக்கு மழை விட்டதாயினும் வெயில் தோன்றவில்லை. வானம் முழுவதும் ஈயத்தகட்டின் நிறமாகவே இருந்தது.

ஏறாவூரில் சைக்கிள்களையும் மோட்டார் சைக்கிள்களையும் பழுதுபார்க்கும் தொழிலைச் செய்துவரும் ஆதம்பாவா ஆகிய நான், அன்று பதினொன்றரை மணியளவில், கரடியனாற்று மருந்துச்சாலைக்குப் பின்னாலுள்ள பழைய குவாட்டர்ஸ் வாசலில் என் சைக்கிளிலிருந்து இறங்கினேன். அங்கே அப்போத்திக்கரியாக, அதாவது வைத்தியராக, கடமை பார்த்த வோல்ட்டர் ஐயா முதல்நாள் தபாற்காரர் மூலம் எனக்குச் செய்தி அனுப்பியிருந்தார். அவருடைய மோட்டார் சைக்கிளின் சங்கிலி சத்தமிடுகிறது. செவ்வாய் மாலைக்குள் வண்டி ஓடவேண்டும்.

அவசரத்திற்குக் காரணம் இருந்தது. ஆற்றுக்கு அப்பாலுள்ள அக்கரைவட்டை என்னும் வயற்குடியிருப்பில் பதினொரு பேர் மலேரியாக் காய்ச்சலில் கிடந்தனர். அவர்களிடமிருந்த கொயினா மருந்து தீர்ந்து இரண்டு நாட்களாகிவிட்டன. அங்கே செல்வதற்கு இருந்த ஒரே வழி, ஆற்றின் குறுக்கே தாழ்வாகக் கட்டப்பட்ட தாம்போதி. மழைக்காலத்தில் அதன்மேல் கணுக்காலளவு நீர் ஓடும், வண்டியோட்டலாம். ஆனால் அன்று மாலை ஐந்து மணிக்குக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்படும் என்று அறிவித்திருந்தார்கள். திறந்தபின் மூன்று நாட்களுக்குத் தாம்போதி ஆளுயர நீருக்கடியில் இருக்கும்.

அதே தாம்போதியிலேதான், அவ்வாண்டு தை மாதத்தில், வோல்ட்டர் ஐயாவின் தமையனாரும் அவருக்கு முன்னர் அங்கே அப்போத்திக்கரியாக இருந்தவருமான எல்மோ ஐயா இறந்தார். நடுவழியில் வண்டி சரிந்தது. நீர் அவரைக் கொண்டுபோயிற்று. மூன்றாம் நாள், எட்டு மைலுக்குக் கிழக்கே, உப்புநீர் வாவியோரச் சதுப்பில் நிற்கும் கண்ணா மரங்களின் வேர்களுக்கிடையில் அவருடைய உடல் கிடந்தது. குடித்துவிட்டு ஓட்டினார் என்று ஊர் சொல்லிற்று. அவருடைய மனைவி எத்தல் நோனா, மட்டக்களப்பு நகரில், அந்தச் சொல்லைச் சுமந்துகொண்டு வாழ்ந்துவந்தார்.

வாசலில் என்னை எதிர்கொண்டவர் புஸ்பம். சித்தாண்டியைச் சேர்ந்தவர், குவாட்டர்ஸில் சமையல் செய்பவர்.

"வாங்க பாஸ். அந்தச் சனியன் சத்தத்த நிப்பாட்டிட்டுப் போங்க. ரெண்டு நாளா எனக்குச் சோறு தொண்டையால இறங்குதில்ல" என்றார். பிறகு என் கையைப் பார்த்தார். "அது என்ன டின்னுக்குள்ள?"

"சங்கிலிய அவிக்கிற கொழுப்பு."

"என்ன கொழுப்பு?"

"கேக்காம விட்டா உங்களுக்கும் நல்லம், எனக்கும் நல்லம்."

"முருகனுக்கு விரதச் சோறாக்கிற அடுப்பு அது. அந்த டின்னோட குசினிக்குள்ள வந்தீங்க எண்டா, மறுகா அகப்பைக் காம்போடதான் கதை."

உள்ளேயிருந்து வோல்ட்டர் ஐயா சிரித்துக்கொண்டே வந்தார். "வெளிய மூணு கல்லுக் கிடக்கு பாஸ். அங்க வச்சுக் காய்ச்சுங்க உங்கட சூப்ப. நாலு மணிக்கு நான் வெளிக்கிடணும்."

"வெளிக்கிடலாம் ஐயா" என்றேன்.

வண்டி பின்புறக் கொட்டிலில் நின்றது. அதற்கு எதிரே, சுவரோடு, சாக்கால் மூடப்பட்டு எல்மோ ஐயாவின் வண்டி கிடந்தது. ஆற்றிலிருந்து இழுத்தெடுத்த நாளிலிருந்து அதை எவரும் தொடவில்லை.

என்னைத் தவிர.

யுத்தகாலமாதலால் கொழும்பிலிருந்து உதிரிப்பாகங்கள் வருவது நின்றுபோயிருந்தது. இரண்டு வாரங்களுக்கு முன்னர் வோல்ட்டர் ஐயாவின் சங்கிலியில் நான்கு கண்ணிகள் தேய்ந்து போனபோது, அந்தச் சாக்கை நீக்கி, இறந்தவருடைய சங்கிலியிலிருந்து நான்கு கண்ணிகளைக் கழற்றி இதிலே சேர்த்தவன் நானே. வோல்ட்டர் ஐயா அதற்குச் சம்மதித்திருந்தார். அண்ணனுடையது தம்பிக்கு உதவட்டும் என்றார்.

ஒரு சங்கிலி சத்தமிடுவதாயின், அச்சத்தம் எங்கே பிறக்கிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும். பின்சக்கரம் நிலத்தில் படாதவாறு வண்டியை நிறுத்தி, கையாற் சக்கரத்தைச் சுழற்றினேன்.

டிக்.

மெல்லிய, சுத்தமான ஒலி. நகத்தால் பீங்கானைத் தட்டுவது போன்றிருந்தது.

தளர்ச்சியைப் பார்த்தேன், முக்கால் அங்குலம், சரியான அளவு. இரு சக்கரங்களுக்கும் நேராக நூல் பிடித்துப் பார்த்தேன், கோணல் இல்லை. பற்சக்கரங்களின் பற்களை விரலால் தடவினேன், ஒன்றேனும் வளைந்திருக்கவில்லை. பின்னர் டயரில் வெண்கட்டியால் ஒரு கோடிட்டேன். ஒவ்வொரு சுற்றிலும் அக்கோடு ஒரே இடத்திற்கு வரும்போது சத்தம் வருமாயின் குற்றம் சக்கரத்தினுடையது. அவ்வாறு வரவில்லை. சக்கரம் இரண்டு முறை முழுதாகச் சுற்றி, மூன்றாஞ் சுற்றில் மூன்றில் ஒரு பங்கைக் கடக்கும்போதே வந்தது.

சங்கிலி ஒருமுறை முழுதாகச் சுற்றிவர எடுக்கும் அளவு அதுவே. ஆகவே குற்றம் ஒரேயொரு கண்ணியில்.

சத்தம் வந்த கணத்தில் சக்கரத்தைப் பிடித்து நிறுத்தி, குனிந்து பார்த்தேன். சங்கிலியின் இரு முனைகளையும் இணைக்கும் பூட்டுக்கண்ணி அது. அதன் இரு ஆணிகளையும் ஒரு சிறிய உருக்குக் கிளிப்பு பிடித்திருக்கும். கிளிப்பு மீனின் வடிவமுடையது. தலைப்பக்கம் மூடியது, வாற்பக்கம் பிளந்தது. சங்கிலி ஓடும் திசையில் தலையே முன்செல்ல வேண்டும். வால் முன்சென்றால், எதிலேனும் தட்டுப்பட்டு ஒருநாள் கழன்றுவிடும்.

வால் முன்னோக்கியிருந்தது.

நான் அவ்வாறு பூட்டவில்லை. இரண்டு வாரங்களுக்கு முன்னர், பூட்டிய பின்னும் மூன்று முறை பார்த்தேன். அவ்விடயத்தில் நான் தவறமாட்டேன் என்பதற்கு என்னிடம் ஒரு காரணம் இருந்தது. அக்காரணத்தை அதுவரை எவரிடமும் சொன்னதில்லை.

குறட்டை எடுத்து, கிளிப்பைக் கழற்றி, தலையை முன்னாக வைத்துப் பூட்டினேன். சுழற்றினேன். சத்தம் இல்லை. ஆயினும், கழுவி அவித்துவிட்டால் மனம் ஆறும் என்றெண்ணி, சங்கிலி முழுவதையும் கழற்றி மண்ணெண்ணெய்த் தட்டில் இட்டேன்.

அப்பொழுதுதான் அந்த மணம் வந்தது.

சேறும் உப்பும் அழுகிய கண்ணா இலையும் கலந்த மணம். வாவிக்கரையில் பிறந்த எவருக்கும் அது தெரியும். ஆனால் கரடியனாறு உள்நாடு. அங்கே ஆறு உண்டு, வயல் உண்டு, வாவி இல்லை.

தட்டைப் பார்த்தேன். மண்ணெண்ணெய்க்கு அடியில் நீர் சேர்ந்திருந்தது. கண்ணிகளின் உருளைகளிலிருந்து நூலிழை போல அது கசிந்துகொண்டேயிருந்தது. தட்டு நிரம்பி வழிந்தது. விரலை நனைத்து நாவில் வைத்தேன்.

உப்பு.

மனத்துக்குள் குர்ஆனின் ஆயத்துல் குர்ஸியை ஓதினேன். மூன்று கற்களுக்கிடையில் நெருப்பு மூட்டி, டின்னிலுள்ள மாட்டுக்கொழுப்பை உருக்கி, பென்சிற் கரித்தூள் கலந்து, சங்கிலியை உள்ளே இறக்கினேன். பட்டறைக்காரனுக்கு நெருப்பின் முன்னே தைரியம் வரும். கொழுப்புக் கொதித்தது. சங்கிலி டின்னுக்குள் கிடந்தது. வோல்ட்டர் ஐயாவின் வண்டி சங்கிலியின்றி வெறுமையாக நின்றது.

டிக்.

நான் அசையவில்லை.

டிக்.

இடையிலிருந்த நேரத்தை என் மனம் தானாகவே அளந்தது. இரண்டு சுற்று, அதன்மேல் மூன்றிலொரு பங்கு.

சத்தம் எனக்குப் பின்னாலிருந்து வந்தது.

திரும்பினேன். சுவரோரம் கிடந்த சாக்கு, ஒரு புறத்தில் மெல்ல மெல்ல அசைந்துகொண்டிருந்தது. அதன் ஓரத்தை இடக்கையால் உயர்த்தினேன். தை மாதத்திலிருந்து துருவேறி இறுகிக் கிடந்த பின்சக்கரம், எவரும் தொடாமல், காற்றும் படாமல், ஓசையின்றிச் சுற்றிக்கொண்டிருந்தது. நான்கு கண்ணிகள் குறைந்த சங்கிலி அதனருகே அறுந்து தொங்கிற்று. கம்பிகளிலிருந்து நீர் சொட்டிற்று.

பிற்பகல் இரண்டு மணி. கொட்டில் முழுவதும் பகல் வெளிச்சம். குசினியில் புஸ்பம் தேங்காய் துருவும் ஓசை எனக்குத் தெளிவாகக் கேட்டது.

கொழுப்பிலிருந்து சங்கிலியைக் கம்பியால் தூக்கினேன். பூட்டுக்கண்ணியை நானே கழற்றித் தனியே ஒரு துணியில் சுற்றி வைத்திருந்தேன். ஆனால் அது சங்கிலியிலே இருந்தது. பூட்டப்பட்டிருந்தது. கொதிக்கும் கொழுப்புச் சொட்டச் சொட்ட, வால் முன்னோக்கியிருந்தது.

"என்ன பாஸ், பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?"

வோல்ட்டர் ஐயா கொட்டில் வாசலில் நின்றார். கையில் கொயினாப் புட்டிகள் அடுக்கிய தோற்பை. அவருடைய கண்கள் என்னைத் தாண்டிச் சாக்கின்மீது சென்றன. அங்கே நிலைத்தன. சக்கரம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.

அவர் பையைத் தரையில் வைத்தார்.

"அது இறுகின சக்கரம்" என்றார், மிகத் தாழ்ந்த குரலில். "ஆத்தால எடுத்த அண்டைக்கு நானே சம்மட்டியால அடிச்சுப் பாத்தன். அசையல்ல."

"ஐயா, இருங்க. ஒண்டு சொல்லணும்."

"நேரம் இல்ல பாஸ்."

"சொல்லாம இந்தச் சங்கிலிய உங்களுக்குப் பூட்டித் தரமாட்டன்."

மண்ணெண்ணெய்ப் பெட்டியில் அவர் அமர்ந்தார். நான் நின்றுகொண்டே சொன்னேன். அங்கே சொன்னதை இங்கே ஒழுங்காக எழுதுகிறேன்.

எல்மோ ஐயாவுக்குப் புதிய சங்கிலி மாட்டியவன் நான். அச்சங்கிலி வந்த பொதியினுள் மதராசில் அச்சிட்ட தமிழ்த் துண்டுத்தாள் ஒன்று இருந்தது. அதிலே இரண்டு படங்கள் பக்கத்தில் பக்கத்தில். ஒன்றில் மீனின் தலை முன்னே, மற்றதில் வால் முன்னே. படங்களின் கீழ் எழுத்து. அக்காலத்தில் எனக்குத் தமிழெழுத்துத் தெரியாது. சிறுவயதில் ஓதப்பள்ளியில் குர்ஆன் எழுத்தை மட்டுமே கற்றிருந்தேன். அது வலத்திலிருந்து இடம்நோக்கிச் செல்வது. ஆகவே எந்தத் தாளைக் கண்டாலும் என் கண் வலப்பக்கத்திலேயே தொடங்கும். லெப்பை எங்களுக்குப் பாடஞ் சொல்லும்போது ஆகுமானதை முதலிலும் ஆகாததைப் பின்னரும் சொல்வார். எனவே வலப்பக்கப் படமே முதலாவது என்றும், முதலாவதே ஆகுமானது என்றும் கொண்டேன். எவரையும் கேட்கவில்லை. கேட்பதற்கு வெட்கப்பட்டேன்.

எல்மோ ஐயா இறந்தபின், என் நாற்பத்திரண்டாம் வயதில், மாலை வகுப்பிற் சேர்ந்து தமிழ் கற்றேன். கடந்த நோன்பு மாதத்தில் ஒரு பிற்பகல், பட்டறைச் சுவரில் ஒட்டியிருந்த அத்துண்டுத்தாளை முதன்முறையாக எழுத்துக்கூட்டி வாசித்தேன். இடப்பக்கப் படத்தின் கீழ், 'இவ்வாறு பூட்டுக.' வலப்பக்கப் படத்தின் கீழ், 'இவ்வாறு பூட்டற்க. ஓட்டத்தில் கழன்று சக்கரத்தை இறுக்கும்.'

"அவர் குடிக்கல்ல ஐயா" என்றேன். "நான் பூட்டினது கழண்டுபோய்த்து. எனக்கு மூணு மாசமாத் தெரியும். சொல்லல்ல."

வோல்ட்டர் ஐயா குனிந்து தம் சப்பாத்துகளைப் பார்த்தார்.

"எத்தல் மட்டும்தான் அவர் குடிக்கல்லண்டு சொன்னவ" என்றார். "நான் நம்பல்ல. என்ர அண்ணனப் பத்தி ஊர் சொன்னத நானும் சேந்து சொன்னனான்."

சாக்கினடியில் சக்கரம் நின்றிருந்தது. எப்பொழுது நின்றது என்பதை நாங்கள் இருவரும் கவனிக்கவில்லை.

"எத்தலுக்கு நீதான் சொல்லணும்" என்றார். அதுவரை 'நீங்க' என்றே என்னை அழைத்தவர்.

"சொல்றன் ஐயா."

"எப்ப?"

"வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிய டவுனுக்குப் போவன்."

அவர் தலையசைத்தார். நான் சங்கிலியைத் துடைத்து, மாட்டி, கிளிப்பைத் தலை முன்னாகப் பூட்டினேன். இருவரும் குனிந்து பார்த்தோம். சுழற்றினேன். பத்துச் சுற்று, இருபது சுற்று. பட்டுத்துணி நழுவுவது போன்ற ஓசையன்றி வேறொன்றும் இல்லை.

நான்கு மணி கடந்து பத்து நிமிடத்துக்குத் தாம்போதியை அடைந்தோம். அவர் வண்டியில், நான் என் சைக்கிளில், பின்னால். நீர் கலங்கி மஞ்சளாக ஓடிற்று. கற்களின்மேல் கணுக்காலளவே இருந்தது. அக்கரையில் மூன்று பேர் வாழைத்தண்டு போல் அசைவற்று நின்று காத்திருந்தனர். வோல்ட்டர் ஐயா தோற்பையை முதுகில் இறுக்கிக் கட்டி, என்னைத் திரும்பிப் பாராமல், முதலாம் கியரில் இறங்கினார்.

கால்வாசி தூரம் போனார்.

நடுவை நெருங்கினார்.

டிக்.

இயந்திரத்தின் இரைச்சலையும் நீரின் இரைச்சலையும் தாண்டி, அத்தனை தூரத்திலிருந்து, அந்த ஒலி கேட்கக் கூடாதது. என் காதுக்குள்ளேயே தட்டியது போற் கேட்டது.

டிக்.

உப்புச்சேற்றின் மணம் எழுந்தது. என் கால்கள் தாமாகவே நீருக்குள் இறங்கிவிட்டன. அவருடைய பின்சக்கரம் ஒருகணம் இறுகி, வழுக்கி, மீண்டும் உருள்வதைக் கண்டேன். அவர் காலை ஊன்றித் தடுமாறினார்.

அவரிடம் நான் சொன்ன நாள் வெள்ளிக்கிழமை. ஆனால் அந்த நாளைச் சொல்லும்பொழுதே என் நெஞ்சில் வேறொன்றை வைத்திருந்தேன். வெள்ளிக்கு மழை பெய்யலாம். அடுத்த வெள்ளி இருக்கிறது. அதற்கடுத்த வெள்ளியும் இருக்கிறது. இதை வோல்ட்டர் ஐயா அறியார்.

அறிந்தவர் ஒருவர் இருந்தார்.

நான் கத்தவில்லை. ஓடும் நீரைப் பார்த்து மெல்லச் சொன்னேன். "எல்மோ ஐயா, இண்டைக்கே போறன். இப்பயே போறன். அவர விடுங்க."

ஒலி நின்றது.

வோல்ட்டர் ஐயா அக்கரையில் ஏறியபோது நான்கு மணி இருபத்திரண்டு நிமிடம். அவர் திரும்பி ஒரு கையை உயர்த்தினார். நான் சைக்கிளைத் திருப்பினேன்.

செங்கலடிச் சந்திவரை ஒரு தடையும் நேரவில்லை. ஏறாவூருக்குள் நுழைந்தபோது மழை மீண்டும் தொடங்கிற்று. என் வீட்டுப் படலை திறந்திருந்தது. என் மனைவி நஸீறா வாசலில் நின்று, "எங்க இந்த மழையில? சாறனயாவது மாத்திட்டுப் போங்க. கோப்பி ஊத்தி வச்சிருக்கன்" என்றாள். பிறேக்கை அழுத்தினேன்.

டிக்.

என் சைக்கிளிலிருந்து.

"வந்து குடிக்கிறன் புள்ள" என்றேன். நிற்கவில்லை. அங்கிருந்து மட்டக்களப்பு வரையும், ஒவ்வொரு முறை கால் தளரும்போதும், ஒவ்வொரு முறை நாளைக்குப் போகலாம் என்று உடல் கேட்கும்போதும், அது ஒருமுறை தட்டிற்று. நான் அதை நினைத்து அஞ்சினேன் என்றே எழுதவேண்டும். அதே வேளை, அதன் துணையின்றி அவ்வீட்டு வாசலை அடைந்திருக்கமாட்டேன் என்பதும் உண்மை.

எத்தல் நோனா, நான் தட்டுவதற்கு முன்னரே கதவைத் திறந்தார். யுத்தகாலக் கட்டளைப்படி கறுத்தத்தாள் சுற்றிய விளக்கு அவர் கையில் இருந்தது.

"மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டுச்சு" என்றார். "ஆரு உங்களக் கொண்டுவந்து விட்ட?"

"ஆரும் இல்ல நோனா. நான் சைக்கிள்ளதான் வந்தன்."

அவர் என்னைத் தாண்டி வீதியைப் பார்த்தார். பிறகு வழிவிட்டார்.

நான் உட்காரவில்லை. படங்களைப் பற்றியும், வலப்பக்கத்தைப் பற்றியும், கிளிப்பைப் பற்றியும், மூன்று மாத மௌனத்தைப் பற்றியும், ஒன்றையும் குறைக்காமற் சொன்னேன். அவர் அழவில்லை. என்னைத் திட்டவுமில்லை. விளக்கை மேசையில் வைத்து, இரண்டு கைகளையும் அதன் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"அண்டைக்குக் காலம்பற பிளேன்டீ மட்டும்தான் குடிச்சிட்டுப் போனவர். நான்தான் ஊத்திக் குடுத்தன்" என்றார். "பதினொரு மாசமா ஒரு ஆளும் நம்பல்ல." பிறகு, "ஞாயிற்றுக்கிழமை எங்கட வேதக்கோயிலுக்கு வாங்க பாஸ். பூசை முடிய, எல்லாரும் நிக்கக்குள்ள, இத அப்படியே சொல்லுங்க" என்றார்.

"வாறன் நோனா."

"வருவீங்களா?"

"வருவன்."

அவர் விளக்கை எடுத்துக்கொண்டு என்னோடு வாசலுக்கு வந்தார். அவ்வொளியில், வழக்கப்படி, ஏறுவதற்கு முன் குனிந்து என் சைக்கிளின் சங்கிலியைப் பார்த்தேன். அது பழைய சங்கிலி. அதன் முனைகளை இணைப்பது ஒரு சிறிய போல்ட்டும் நட்டும். அதை நானே முறுக்கியிருந்தேன். அதில் கிளிப்பு என்று ஒன்று இருந்ததேயில்லை.

போல்ட்டு இருந்த இடத்தில் ஒரு பூட்டுக்கண்ணி இருந்தது. அதன்மேல் ஒரு சிறிய உருக்குக் கிளிப்பு, ஈரமாக, வாவிச்சேறு ஒட்டியபடி.

மீனின் தலை முன்னோக்கியிருந்தது.

பெடலைக் கையாற் சுழற்றினேன். ஒலி இல்லை. உள்ளே எத்தல் நோனாவின் சுவர்க்கடிகாரத்தில் அப்பொழுது மணி ஏழு, நிமிடம் எட்டு.